பழைய தெருவைக் காக்க முதலில் அதன் மட்டத்தை அளந்து வையுங்கள்

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ தஞ்சாவூரின் ராஜவீதிகளிலோ ஒரு பழைய தெருவைக் காக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் வீட்டு முகப்புகளைப் புகைப்படம் எடுப்பதில் தொடங்குகிறார்கள். அதுவும் வேண்டியதே, ஆனால் அதற்கு முன்பு தெருவின் மட்டத்தை அளக்க வேண்டும். நான் வளர்ந்த கும்பகோணத் தெருவில் எங்கள் திண்ணைக்கு ஏற மூன்று கருங்கல் படிகள் இருந்தன. இன்று ஒரு படிதான் வெளியே தெரிகிறது. மற்ற இரண்டும் அடுத்தடுத்துப் போட்ட தார்ச்சாலைகளுக்கு அடியில் கிடக்கின்றன. அந்தத் தெருவில் இடிக்கப்பட்ட வீடுகளில் பலவும் மழைத்தண்ணீர் உள்ளே வரத் தொடங்கிய பிறகே இடிக்கப்பட்டன.

இதன் காரணம் வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று நீளும் நமது வீடுகளில், முற்றம் கூடத்தைவிட ஒரு படி தாழ்ந்திருக்கும். அதில் விழும் மழைநீர் தரைக்கு அடியில் செல்லும் சலதாரை வழியாகத் தெருச் சாக்கடைக்கு இறங்கும். காவிரிப் படுகை மிகவும் சமதளமானது என்பதால் அந்த இறக்கம் சில அங்குலங்களுக்கு மேல் இருப்பதில்லை. சாலையும் அதனுடன் சாக்கடையும் உயர்ந்துவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் எதிர்த்து முற்றத்துக்குள் வரும். வீட்டுக்காரர் முற்றத்தை மண் கொட்டி மேடாக்குவார், பிறகு மேலே தகரமோ கான்கிரீட்டோ போட்டு மூடுவார்; வெளிச்சமும் காற்றும் போய், சுவரில் ஓதம் என்னும் ஈரக்கசிவு ஏறி, வீடு வசிக்கத் தகாததாகிவிடும். தாராசுரத்தில் இரண்டாம் இராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலின் முன்புறம் மழைக்காலத்தில் குளம்போல் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, சுற்றுப்புறம் உயர உயர ஒரு கட்டடம் எப்படிப் பள்ளத்தில் அகப்படுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மட்டம் அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய தெளிவான டியூப் 20 மீட்டர் நீளம் இருந்தால் போதும். டியூபுக்குள் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாதபடி நிரப்பி, இரண்டு பேர் இரு முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் டியூப் கிடந்தால் மட்டம் சற்றே மாறும், ஆகவே காலை நேரம் நல்லது. தெருக்கோடியில் கோயிலின் கருங்கல் அடித்தளம் போல அசையாத ஓர் இடத்தில் முதல் குறியைப் போட்டு, அங்கிருந்து வீடு வீடாக அதே மட்டத்தை நகர்த்திக்கொண்டு போய், எதிர்ச்சாரி வழியாகத் திரும்பிவந்து முதல் குறியோடு ஒப்பிட வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் எங்கோ குமிழி புகுந்திருக்கிறது. மீண்டும் அளப்பதைத் தவிர வழியில்லை. இவ்வாறு கிடைத்த கோட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் சாலையின் நடு, சாக்கடையின் அடி, திண்ணை, கூடத்தின் தரை, முற்றம் ஆகியவை எத்தனை சென்டிமீட்டர் கீழே உள்ளன என்று குறித்துக்கொள்ளவும். தெருவில் குளம் இருந்தால் அதன் மேற்படியையும், தண்ணீர் வரும் மதகின் அடியையும் சேர்த்து அளக்க வேண்டும். வாய்க்கால் தூர்ந்தது மட்டுமே குளம் வற்றுவதற்குக் காரணம் என்று எண்ணிக்கொண்டிருக்கையில், வாய்க்காலின் குறுக்கே போட்ட சிறுபாலத்தின் தரை உயர்ந்திருப்பது இந்த அளவில்தான் புலப்படும்.

அளக்கும்போதே வீட்டிலுள்ள பெரியவர்களிடம் முன்பு எத்தனை படிகள் இருந்தன, தண்ணீர் முதன்முதலில் எந்த மழையில் உள்ளே வந்தது, சலதாரை எந்தப் பக்கம் இறங்கியது என்று கேட்டு எழுதிக்கொள்ளவும். மண்ணுக்கு அடியில் புதைந்த சலதாரையின் போக்கைச் சொல்ல அவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

அடுத்து, எந்த வீட்டில் என்ன செய்ய அனுமதி வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய கோயிலும் தாராசுரமும் போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தத்தின்படி, காப்பு எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அங்குள்ள பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி பெற வேண்டும். அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதியுடன் கட்டலாம். கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் நிற்கும் வீடாக இருந்தால் கோயில் நிர்வாகத்தின் சம்மதமும் தேவை. மற்றத் தெருவீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்தச் சட்டக் காப்பும் இல்லை என்பதே உண்மை. அவற்றைக் காப்பது குடியிருப்பவர்களின் உடன்பாட்டில்தான் இருக்கிறது.

அளவு கையில் இருந்தால் கோரிக்கையைத் தெளிவாக வைக்கலாம். புதுச்சாலை போடும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். ஆயினும், வேலை தொடங்கி ஜல்லி கொட்டிய பிறகு போய் முறையிட்டால் ஒன்றும் நடக்காது என்பதை நான் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே, தெருவின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை ஒரே தாளில் வரைந்து, சாலையின் மட்டம் எங்கே நிற்க வேண்டும் என்று சிவப்புக் கோட்டால் காட்டி, வார்டு உறுப்பினரிடமும் மாநகராட்சிப் பொறியாளரிடமும் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். பகுதி சபைக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகப் பதியச் செய்வது இன்னும் நல்லது. கும்பகோணத்துக்காரர்களுக்கு இது அவசரமான வேலை: 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது, விழாவுக்கு முந்தைய மாதங்களில் சாலைப் பணிகள் ஒரே நேரத்தில் மும்முரமாகும்.

ஏற்கெனவே ஓதம் ஏறிய சுவரைப் பொறுத்தவரை, சிமென்ட் பூசுவதே மிகப் பெரிய தவறு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். மேலே சிமென்டோ டைல்ஸோ பிளாஸ்டிக் பெயின்டோ வந்தால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். ஆகவே ஈரம் தெரியும் கோட்டுக்கு மேல் இரண்டடி வரை சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, மாசி முதல் வைகாசி வரை சுவரைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். நன்கு நீற்றி, சலித்து, சில வாரங்கள் தண்ணீரில் ஊறவிட்ட சுண்ணாம்பு ஒரு பங்குக்கு ஆற்றுமணல் இரண்டரைப் பங்கு என்று கலந்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தர்களின் வழக்கம். முதலில் ஓரடிச் சதுரத்தில் பூசிப் பார்த்து, வெடிப்பு விழுந்தால் மணலைச் சற்றுக் கூட்டவும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்றுத்தான் இறுகும். எனவே மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி, ஈரச் சாக்கு தொங்கவிட்டு வெயிலில் காயாமல் காக்க வேண்டும். அவசரப்படுத்தும் ஒப்பந்தக்காரரிடம் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள்.

இடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையிலுள்ள வீட்டுக்காரரோடு சண்டை போடுவதைவிட, இடிப்பதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து பேசுவது பயன் தரும். ஒட்டி ஒட்டி நிற்கும் சாரிவீடுகளில் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர் ஒன்றே. பக்கத்து வீட்டின் கூரையைத் தாங்கும் கைமரங்கள் அதன்மேல் உட்கார்ந்திருக்கக்கூடும், ஆகவே முட்டுக் கொடுக்காமல் கடப்பாரை வைக்கவே கூடாது. புது வீடு தெருவின் பழைய முன்கோட்டிலேயே நிற்கவும், முன்னே ஒரு திண்ணையும் அதன்மேல் சாய்ப்பும் அண்டை வீட்டின் உயரத்திலேயே அமையவும் கேட்டுக்கொள்ளலாம். மாடி வேண்டுமானால் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டின் மேல் எழுப்பினால் தெருவிலிருந்து கண்ணை உறுத்தாது. திண்ணைகள் உடைக்கப்படுவது பெரும்பாலும் கார் நிறுத்துவதற்காகவே. நம் மனைகள் நீளமானவை. பின்னால் சந்து இருக்கும் தெருக்களில் கொல்லைப்புறமாக வண்டி நுழைய வழி செய்துவிட்டால், திண்ணையில் கை வைக்க வேண்டிய தேவை இராது.

அளவுக் குறிப்பில் தேதியையும், அளந்தவர்களின் பெயர்களையும், முதல் குறி போட்ட இடத்தின் படத்தையும் சேர்த்து, ஒரு நகலைக் கோயிலிலும் மற்றொன்றைத் தெருப் பள்ளிக்கூடத்திலும் வைக்கவும். மழை ஓய்ந்து தை பிறந்ததும், அதே குறியிலிருந்து தெருவை மறுபடியும் அளக்க வேண்டும்.