குரோமில் 'கனெக்‌ஷன் பிரைவேட் இல்லை' என்று வந்தால்

எங்கள் பிரவுசிங் சென்டரில் இந்தச் சிவப்பு முக்கோணம் வந்தால் உடனே "அண்ணே, வைரஸ்" என்பார்கள். பெரும்பாலும் வைரஸ் இல்லை. முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2010-இல் நின்றுகொண்டிருந்தால் அதன் கணக்கில் இன்றைய சான்றிதழ் எதுவும் செல்லாது. தேதியைத் திருத்துங்கள். அணைத்துப் போட்டதும் மறுபடி பழைய தேதியா? மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 தான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

தேதி சரி, ஒரே ஒரு தளம் மட்டும் முரண்டு பிடிக்கிறதா? போனில் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கேயும் அதே கதை என்றால் கோளாறு அநேகமாக அவர்கள் பக்கம், காத்திருங்கள். போனில் திறந்தால், கணினியின் ஆன்ட்டிவைரஸில் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்கை (பாதுகாப்பான தளங்களோடு போய்வரும் தகவலை இடையில் நின்று சோதிக்கும் வசதி) சற்று நிறுத்திப் பாருங்கள்.

விண்டோஸ் 7 தனிக்கதை. 2021 செப்டம்பர் 30 அன்று பல தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. அப்டேட் பார்க்காத கணினிகள் பல தடுமாறின. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் நம்பத்தகுந்த மூலச் சான்றிதழ்களின் பட்டியலைத் தானே வைத்திருப்பதால் அதில் முயன்று பார்க்கலாம்.

"எச்சரிக்கையில் இருக்கும் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி உள்ளே போகட்டுமா?" என்பார்கள். உங்கள் வீட்டு ரவுட்டரின் 192.168.1.1 என்ற செட்டிங்ஸ் பக்கத்துக்கு என்றால் போங்கள். பேங்க் தளத்துக்கு என் கடையில் விடமாட்டேன்.