ஏரி ஓராண்டு, புத்தகம் 48 பக்கம்: எழுதி, வரைந்து, நாமே அச்சிட

சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவருக்குக் கெடு வைக்க ஆளில்லை. அதனாலேயே பாதிப் புத்தகங்கள் மேசை இழுப்பறையைத் தாண்டுவதில்லை. கெடு வைக்கும் வேலையை ஊர் ஏரியிடம் விட்டுவிடலாம். ஐப்பசியில் தண்ணீர் வரும், தையில் ததும்பும், பங்குனியில் சேறாகும், வைகாசியில் வெடித்த தரையாகும். எதை எப்போது வரைவது, எந்த மாதம் வீட்டில் உட்கார்ந்து பக்கம் கட்டுவது, எப்போது அச்சகத்துக்குப் போவது என்று எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஏரி, குளம், கண்மாய் எதற்கும் இந்த முறை பொருந்தும்.

இடம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். வேடந்தாங்கலுக்கு வருடத்தில் இரண்டு முறை போய் வந்தால் சுற்றுலாப் படம்தான் கிடைக்கும். பக்கத்து ஏரிக்கு வாரம் ஒருமுறை போனால் மாற்றம் கண்ணில் படும். மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை கொல்கத்தா நாளிதழ் ஒன்றில் இரண்டு வாரத்துக்கு ஒரு பத்தி எழுதினார். படங்களும் அவரே வரைந்தவை. யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காகத்தையும் அணிலையும் எழுதியதால்தான் அவருக்குப் பொருள் தீரவில்லை.

காலையில் போகிறவர் கிழக்குக் கரையில் மேற்குப் பார்த்து உட்கார வேண்டும். வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெரியும். எதிர்க்கரையில் உட்கார்ந்தால் எல்லாம் கறுப்பு நிழலுருவம்தான். (வரையப் பழகுகிறவர்களுக்கு அது நல்லதே. நிறம் மறைந்தால் உடலின் அளவு பிடிபடும்.) போனவுடன் நோட்டைத் திறக்காதீர்கள். ஆளைக் கண்டு விலகிய பறவைகள் திரும்பி வர கால் மணி நேரமாவது ஆகும். முதல் 20 நிமிடம் பார்ப்பது, அடுத்த 20 நிமிடம் வரைவது, கடைசி 20 நிமிடம் எழுதுவது. ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் உட்கார்ந்தால் அடுத்த வாரம் போக மனசு வராது.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, நேரம், மேகம், காற்று, நீர்மட்டம் குறியுங்கள். நீர்மட்டத்துக்குக் கருவி வேண்டாம், மதகுப் படியில் எத்தனை தண்ணீருக்கு வெளியே தெரிகிறது என்று எண்ணினால் போதும். ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கு வழிந்த நாளைத் தனியாகக் குறித்து வையுங்கள். எழுதும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘அமைதியான அழகிய காலை’ என்று நாற்பது வாரம் எழுதிவிட்டு, வரிகளெல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே என்று தவிப்பார்கள். போன வாரத்திலிருந்து எது மாறியது என்ற ஒரே கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஆம்பல் இலை கூடியதா, தூக்கணாங்குருவிக் கூடு எவ்வளவு நீண்டது, ஆடு மேய்ப்பவர் எந்தப் பக்கமாக இறங்கினார், இவைதான் பின்னால் புத்தகத்தின் வரிகளாகும்.

வரைவதிலும் அப்படித்தான். நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்வோம். மேலலகும் கீழலகும் நுனியில் சேரும், நடுவில் சேராது, இடைவெளி வழியாக வெளிச்சம் தெரியும். அவசரத்தில் வரைகிறவர் அதை மூடிவிடுவார், படம் வெறும் கொக்காகிவிடும். ஆனால் இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது. இடைவெளி இல்லாத ஒன்றைக் கண்டால் திருத்திப் போடாதீர்கள், பக்கத்தில் ‘இளசு’ என்று எழுதுங்கள். மடையானும் இப்படித்தான் ஏமாற்றும். மற்ற நாளில் மண்ணோடு மண்ணாக இருப்பது, இனப்பெருக்கக் காலத்தில் முதுகு செம்பழுப்பாகி வேறு பறவைபோல நிற்கும்.

சாமான்கள்

ஏ5 அளவில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) நீர்வண்ணத்தாள் நோட்டு, 2பி பென்சில், நீரில் கரையாத மை கொண்ட 0.3 பேனா, தண்ணீர் அடைத்த தூரிகை, ஐந்தாறு வண்ணங்கள். சாதாரண ஜெல் பேனாவில் வரைந்து மேலே வண்ணம் தீட்டினால் கோடு கரைந்து முழுப் படமும் அழுக்காகும். கறுப்பு வண்ணம் வாங்க வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் மழைமேகத்திலிருந்து சேறு வரை எல்லாச் சாம்பலும் வரும்.

பருவத்துக்கு ஒரு தொல்லை உண்டு. கார்த்திகையில் வண்ணம் காயவே காயாது. ஈரத்தோடு நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், சில வாரத்தில் பூஞ்சைப் புள்ளி வரும். அந்த மாதங்களில் பென்சிலும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு, நிறத்தைச் சொல்லில் குறித்து வந்து வீட்டில் தீட்டுவது நல்லது. நோட்டைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சித்திரையில் தலைகீழ்: தூரிகை நகர்வதற்குள் காய்ந்து விளிம்பு கோடாக நிற்கும். வெயில் நேரே தாளில் விழுந்தால் கண் கூசி, தேவைக்கு மேல் அடர்த்தியாகத் தீட்டிவிடுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். தாள் எப்போதும் நிழலில் இருக்கட்டும்.

இறகு, கூடு, முட்டை எதையும் எடுத்து வராதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவையின் இறகை வைத்திருப்பதே குற்றமாகலாம். கூடு இருக்கும் மரத்தை அடையாளம் காட்டும் வரைபடமும் புத்தகத்தில் வேண்டாம்.

பக்கம் கட்டுதல்

மாதவாரியாக அத்தியாயம் பிரித்தால் சில மாதம் வீங்கும், சில மாதம் வறளும். நீர்மட்டத்தை வைத்துப் பிரியுங்கள்: நிறை ஏரி, முழங்கால் தண்ணீர், சேறு, தரை. நிறைந்திருக்கும்போது முக்குளிப்பானும் நாமக்கோழியும், தண்ணீர் முழங்காலளவு ஆனதும் நாரைகள், சேற்றில் உள்ளானும் அரிவாள்மூக்கனும், காய்ந்த தரையில் ஆள்காட்டி. வாசகருக்கு ஏரி வற்றுவது பக்கம் புரட்டும்போதே தெரியும். ஒவ்வொரு நிலைக்கும் 10 பக்கம், முன்னும் பின்னும் சேர்த்து 8 பக்கம், ஆக 48. நடுவில் கம்பி அடித்துக் கட்டும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும், 48 வகுபடும்.

ஏரி அகலமான பொருள், ஒற்றைப் பக்கத்தில் அடங்காது. இரு பக்கப் படத்தை 24, 25-ஆம் பக்கங்களில் வையுங்கள். கம்பி கட்டில் அந்த நடு விரிப்பு மட்டும்தான் ஒரே தாள். வேறெங்கு வைத்தாலும் இரண்டு தாளில் அச்சாகி, கரைக்கோடு ஒரு மில்லிமீட்டராவது விலகி நிற்கும். உள்தாள்கள் மடிப்பில் வெளியே தள்ளி வெட்டுப்படும், ஆகவே பக்க எண்ணை விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே வையுங்கள். விளிம்பு வரை போகும் படத்துக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் தேவை.

தமிழ்ச் சொற்கள் நீளம். ஏ5 பக்கத்தில் இரு ஓரமும் சமன்செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும், இடது ஓரம் மட்டும் சமன்செய்யுங்கள். 11 புள்ளி எழுத்து, 15 அல்லது 16 புள்ளி வரி இடைவெளி. யூனிகோடிலேயே கட்டி, எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். அச்சகம் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும் ஆபத்து உண்டு. மாற்றியே தீர வேண்டுமென்றால் திரும்பவும் முதல் வரியிலிருந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

பேனாப் படங்களை 600, வண்ணப் படங்களை 300 டிபிஐக்குக் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) குறையாமல் தட்டை ஸ்கேனரில் எடுங்கள். மிக மெல்லிய வானத் தீற்றல் ஸ்கேனில் காணாமல் போகும். முன்னதாகவே ஒரு மடங்கு அடர்த்தியாகத் தீட்டுவது நல்லது.

அச்சு ஏமாற்றும் இரண்டு நிறங்கள் உண்டு: நாற்றின் இளம்பச்சை, மீன்கொத்தியின் நீலம். நான்கு வண்ண மையில் அந்தப் பளிச்சு வராது. திரையில் அதை ஏற்றிப் பார்த்துப் பயனில்லை. சுற்றியுள்ள நிறத்தைப் பழுப்பாகத் தணித்தால் நடுவிலுள்ள நீலம் எடுப்பாகத் தெரியும். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் (சாதாரணப் புத்தகத் தாள்) மையை உறிஞ்சிப் படத்தை இருட்டாக்கும், நடுத்தர நிழல்களை முன்கூட்டியே கொஞ்சம் வெளுத்துக் கொடுங்கள். ஒரே ஒரு வண்ணப் பக்கத்தையாவது அதே தாளில் மாதிரி அடித்துக் காட்டச் சொல்லாமல் முழு வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள்.

எப்போது அச்சிடுவது

ஏரி காயும் வைகாசியில் வரைய அதிகமில்லை. அது ஸ்கேன் மாதம். ஆனியில் பக்கம் கட்டி, ஆடி பிறக்கும் முன் அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகள் வெளிவந்தபின் சிவகாசி அச்சகங்கள் மார்கழி வரை ஓயாது, சிறு வேலையைத் தள்ளிப்போடுவார்கள். சென்னையில் ஜனவரி புத்தகக் காட்சிக்கான நெரிசலும் சேரும். இன்னொரு காரணம் ஈரம். வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த அட்டையை மழைக்காலத்தில் கட்டினால், உள்பக்கம் ஈரத்தை இழுத்து விரியும், பிளாஸ்டிக் ஒட்டிய பக்கம் விரியாது, அட்டை வெளிப்புறமாகச் சுருண்டு எழும். தாளின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். குறுக்கே இருந்தால் மடிப்பு வெடிக்கும், பக்கம் அலை அலையாக நிற்கும். ஒரு தாளை இரு திசையிலும் கிழித்துப் பார்த்தால், நேராகக் கிழியும் திசைதான் நார் ஓட்டம்.

முதல் பதிப்புக்கு 200 பிரதி போதும், அதுவும் டிஜிட்டலில். ஆயிரத்துக்குப் போனால் பிரதிக்கு விலை இறங்கும், கட்டிலுக்கு அடியில் இடம் இருக்காது. கடைகள் 30 முதல் 40 சதவீதம் கழிவு கேட்கும், அதைக் கழித்தபிறகும் அச்சுச் செலவு மீளும்படி விலை போடுங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இலவசம், தனிநபரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைப் பக்கம் கட்டும்போதே போட்டுவிடுங்கள், எண் வந்த பிறகுதான் பின்னட்டையை முடிக்க முடியும். 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அந்த நாலையும் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பத்துப் பத்தாகப் பாலித்தீனில் கட்டித் தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். ஐப்பசி மழைக்குள் பாதியாவது விற்றிருந்தால் நல்லது.