அப்பாவைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று புற்றுநோய் மருத்துவர் சொன்னால், நம் காதில் "கைவிட்டுட்டோம்" என்றுதான் விழுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரைப் பையையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ராத்திரி வலி அதிகமானால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கத் தோன்றுவதில்லை. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

முடிந்தது நோயைக் குணமாக்கும் சிகிச்சை மட்டும்தான். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப் புண் இவற்றுக்கான மருத்துவம் இனிமேல்தான் அதிகம் தேவைப்படும். அதைத்தான் பாலியேட்டிவ் கேர் என்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்காகவே நர்ஸ்கள் வீட்டுக்கு வருகிறார்கள். சென்னை போன்ற ஊர்களில் தொண்டு அமைப்புகளும் இந்த வேலையைச் செய்கின்றன. அப்பா எழுந்து நடமாடும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெயரைப் பதிந்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால், அவரைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர்தான் வந்து நிற்பார்.

அடுத்தது மார்ஃபின், கடுமையான வலிக்குத் தரும் மருந்து. இதில் நடக்கும் தவறுகள்தான் நோயாளியை அதிகம் வதைக்கின்றன. "இப்பவே ஆரம்பிச்சா பழகிடும்", "இதைக் கொடுத்தா சீக்கிரம் போயிடுவார்", "கடைசிக்கு வச்சுக்கலாம்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மூன்றுமே சரியில்லை. வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலி கூடினால் அளவையும் கூட்டலாம் என்பதால், கடைசிக்கென்று சேமித்து வைக்க வேண்டியதும் இல்லை. போதைக்கு அடிமையாவார் என்ற பயமும், இந்த நிலையில் இருப்பவர் விஷயத்தில் பொருந்தாது.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம்தான். அதனால்தான் மணி பார்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். "வலின்னு சொன்னா கொடுக்கலாம்" என்று காத்திருந்தால், வலி முற்றிய பிறகு மாத்திரை அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். நடுவில் திடீரென்று வரும் வலிக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் நேரம், மாத்திரை, வலி எப்படி இருந்தது என்று குறித்துவந்தால் அளவை மாற்ற அது உதவும். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டது என்றால் மட்டும் உடனே கூப்பிடுங்கள்.

மார்ஃபினோடு தரும் மலமிளக்கியைப் பலர் பையிலேயே விட்டுவிடுகிறார்கள். மார்ஃபின் சாப்பிடும் அநேகமாக எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும், அது பழகியும் போகாது. ஐந்தாறு நாள் மலம் போகாத வயிற்றின் வேதனையை நோயின் வேதனை என்றே வீடு நினைத்துக்கொண்டிருக்கும். வலிக்காக ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் இருந்தால் அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூட்டில் மருந்து வேகமாக உடம்பில் இறங்கிவிடும். இன்னொன்று, சட்டக் கெடுபிடியால் மார்ஃபின் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. 2014இல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கிய பிறகும், அனுமதி பெற்ற இடங்களில்தான் வாங்க முடியும். சனிக்கிழமை ராத்திரி கடைசி மாத்திரை தீர்ந்தால் திங்கட்கிழமை வரை அப்பாதான் தாங்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளில் சண்டையே நடக்கும். "ரெண்டு வாய் சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்" என்று அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்பார், அப்பா வாயை இறுக மூடிக்கொள்வார். கடைசிக் கட்டத்தில் உடம்பு சாப்பாட்டை ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பதில்லை. சாப்பிடாததால் அவர் இறங்கிப்போகவில்லை. நோய் முற்றியதால் சாப்பிட முடியவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும், நிமோனியா வரலாம். அவர் கேட்கும்போது கேட்டதை, அது ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீமாக இருந்தாலும் கொடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு இந்த நிலையில் பத்தியம் எவ்வளவு தளரலாம் என்று மருத்துவரிடமே கேட்டுவிடலாம்.

"ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்தலாமே" என்பது அடுத்து வரும். வீட்டுக்கு வந்து டிரிப் போட ஆளும் கிடைக்கும். இறந்துகொண்டிருக்கும் உடம்பால் அந்தத் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் போகும்போது காலும் கையும் வீங்கும், நெஞ்சில் சளி கூடும், மூச்சு வாங்கும். ஏதோ செய்தோம் என்ற நிம்மதி நமக்கு, திணறல் அவருக்கு. வாய் உலர்ந்திருந்தால் ஈரத் துணியால் துடைத்து, உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினாலே அவருக்குப் பெரிய ஆறுதல்.

கடைசி நேரத்தில் பால் ஊற்றும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கரண்டி ஊற்றுவதால், விழுங்க முடியாதவருக்கு மூச்சு அடைக்கிறது. வழக்கத்தை விட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வைத்தால் போதும். பக்கத்தில் நின்று இதைச் சொல்ல, மூத்த அத்தையோ சித்தப்பாவோ ஒருவரை முன்பே தயார் செய்து வையுங்கள். பிள்ளைகள் சொன்னால் அந்த நேரத்தில் எடுபடாது.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்பது அன்பில் சொல்வதுதான். ஆனால் தன் உடம்பு போகும் போக்கு அவருக்குத் தெரிகிறது, நமக்காக அவரும் தெரியாததுபோல் இருக்கிறார். இப்படி இரண்டு பக்கமும் நடித்தால் அவர் சொல்ல நினைத்தது எதுவும் வெளியே வராது. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்கத் தேவையில்லை. "உடம்பைப் பத்தி என்னப்பா நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவரே சொல்லிவிடுவார். வென்டிலேட்டர் வேண்டுமா, கடைசியில் எங்கே இருக்க விரும்புகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். இதை எழுத்தில் வைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2023இல் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜடட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

வேலை எப்போதும் ஒருவர் தலையில்தான் விழும், பெரும்பாலும் மருமகளோ அம்மாவோ. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் வாங்கியாச்சே என்று அதை விட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். ராத்திரி முறையைப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனையும் மருத்துவரோடு பேசும் வீடியோ காலில் சேருங்கள். இல்லாவிட்டால் கடைசி வாரம் வந்திறங்கி, "ஏன் ஐசியூல சேர்க்கலை?" என்று முதல் கேள்வி அவர்தான் கேட்பார்.

கடைசி நாட்களின் அறிகுறிகள் தெரியாததால்தான் கடைசி மணி நேரம் ஆம்புலன்சில் கழிகிறது. கை கால் சில்லிடும். அதிக நேரம் தூங்குவார். மூச்சு நின்று நின்று வரும். எச்சிலை விழுங்க முடியாததால் தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்கிற நமக்குத்தான் அது கொடுமை. அவர் அநேகமாக உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சத்தத்தைக் குறைக்க மருந்தும் உண்டு. இந்தக் கட்டத்துக்கு முன்பே மூச்சு வாங்கினாலும், ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைவதற்கு முன் ஜன்னலைத் திறந்து, ஃபேன் காற்று முகத்தில் படும்படி வைத்துப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும். பதறி 108ஐ அழைத்தால், வருபவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் முயல்வார்கள், அது அவர்கள் கடமை. அப்புறம் கேஷுவாலிட்டி, குழாய், கண்ணாடிக் கதவு. அதனால் பாலியேட்டிவ் குழுவின் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்து முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். வீட்டில் அடக்க முடியாத வலியோ ரத்தப்போக்கோ வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக நேர்ந்தால், அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

காகித வேலை பற்றி யாரும் முன்னாடி பேச மாட்டார்கள். வீட்டில் இறந்தவருக்கு, கடைசியாக அவரைப் பார்த்துவந்த மருத்துவர் 4ஏ படிவத்தில் இறப்புக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும். அதற்கு யார் வருவார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முன்பின் தெரியாத டாக்டர் யாரும் கையெழுத்துப் போட மாட்டார். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. கிராமத்தில் விஏஓவிடம், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியில் பதியலாம். மீந்த மார்ஃபின் மாத்திரையைக் குப்பையில் போடாமல், மூட்டுவலிக்கு ஆகும் என்று யாருக்கும் கொடுக்காமல், தந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.