பாம்புக்குச் சளி பிடித்தால் நாம் செய்கிற தப்புகள்

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை, பாம்பு இருக்கிற கண்ணாடி டேங்கின் ஹீட் மேட்டும் (சூடு கொடுக்கிற மின்சார விரிப்பு) அணைந்தே கிடந்தது. என் பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்காவின் சின்ன மலைப்பாம்பு வகை) சுருண்டு ஒரே இடத்தில் கிடந்தது. குளிருக்கு அடங்கிக் கிடக்கிறது, வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி ஃபேனை நிறுத்தியபோதுதான் கேட்டது: ஒவ்வொரு மூச்சுக்கும் 'டிக் டிக்' என்று, ஈர விறகு எரியும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் எச்சில் வழிந்து காய்ந்த கறை. அது ஒரு நாளில் வந்த கறை இல்லை.

முதல் தப்பு இந்தக் காத்திருப்புதான். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. பெரும்பாலான பாம்புகளுக்கு வேலை செய்வது வலது நுரையீரல் ஒன்றுதான்; மலைப்பாம்பு வகைகளுக்கு இடதும் உண்டு, ஆனால் சின்னது. தேங்கிய சளி அப்படியே நிமோனியாவாக மாறிவிடும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்தபடி மூச்சு, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, இரையைத் தொடாதது, இதில் எதைப் பார்த்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். சட்டை உரிக்கிற நாட்களில் மட்டும் மூக்கில் லேசாக விசில் வருவதுண்டு. உரித்து முடித்த பிறகும் நிற்கவில்லை என்றால் அது நோய்தான்.

அடுத்தது கை வைத்தியம். தயவுசெய்து தைலம், கற்பூரம், சாம்பிராணி எதுவும் வேண்டாம், ஏற்கெனவே திணறுகிற நுரையீரலுக்கு அதெல்லாம் இன்னும் எரிச்சல்தான். கொசுவத்தியையும் அந்த அறையில் ஏற்றாதீர்கள், போகி அன்று காலையில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

இதைவிட ஆபத்தானது வீட்டில் மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பது. காரணம் பாக்டீரியாவாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், பைத்தான்களுக்கு வருகிற நிடோ வைரஸாகவும் இருக்கலாம். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. மூச்சுக்குழாயிலிருந்து மாதிரி எடுத்து கல்ச்சர் செய்தால்தான் (லேபில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எந்த மருந்து வேலை செய்யும் என்று தெரியும். சில ஊசிகள், உடலில் நீர் வற்றிய பாம்புக்குப் போட்டால், கிட்னியையே கெடுத்துவிடும். அதனால்தான் டாக்டர்கள் எடை பார்த்து அளவு கணக்கிடுகிறார்கள், ஊசியையும் உடலின் முன்பாதியில் போடுகிறார்கள். மருந்து வாரக்கணக்கில் போகும். சத்தம் நின்றுவிட்டது என்று நாமே நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும்.

"சென்னை வெயிலுக்கு ஹீட்டிங் எதுக்கு?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிற அறையில் டேங்கை வைத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்! பால் பைத்தானுக்கு டேங்கின் ஒரு பக்கம் 32 டிகிரியும் மறுபக்கம் 26 டிகிரியும் இருக்க வேண்டும், தெர்மாமீட்டர் பாம்பு படுக்கிற மட்டத்தில் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் அதன் எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிடும். ஆனால் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் போடாதீர்கள், வயிறு வெந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்கைத் துணி போட்டு மூடுவதும் தப்பு. காற்றுப் போகாமல் கீழே போட்ட தேங்காய் நார் ஊறிக்கொண்டே கிடந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

நோயில் கிடக்கிற பாம்புக்கு வாயைப் பிளந்து எலியைத் திணிக்காதீர்கள். புதிதாக வாங்கிய பாம்பைப் பழையதோடு சேர்க்காமல் மூன்று மாதமாவது வேறு அறையில் வையுங்கள், நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்றதைத் தொடாதீர்கள்.

பாம்பு வளர்ப்பதற்கான பதிவுப் பேப்பர் கேட்பார்களோ என்று பயந்து டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம், அதில் பேச்சுக்கே இடமில்லை. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனம் என்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவை முடித்து வைத்துவிடுங்கள், நோய் வந்த நேரத்தில் அலைய வேண்டாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியோ தனியார் கிளினிக்கோ, ஊர்வன பார்க்கிற டாக்டர் என்றைக்கு இருப்பார் என்று முதலில் போன் செய்து கேளுங்கள். அப்புறம் பாம்பைத் துணிப்பையில் போட்டு, காற்று ஓட்டை உள்ள டப்பாவில் வைத்து, பக்கத்தில் துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்றையும் வைத்துக் கிளம்புங்கள், காரில் போனால் ஏசி வேண்டாம்.