கிரீன் கார்டோடு ஊருக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோபியில் ஒரு கல்யாணப் பந்தியில், தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன் கேட்டான்: "ஏனுங்க மாமா, ஆறு மாசத்துக்கு ஒருக்கா போய்த் தலையக் காட்டிட்டு வந்தாப் போதுமுங்களாமா?" எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் அதை நம்பித்தான் என் கிரீன் கார்டை, அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் அட்டையை, இழந்தேன். கார்டைத் தொலைப்பது, பாஸ்போர்ட் தேதி தவறுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆறு மாதக் கணக்கை நம்புவது

எங்களுக்குக் கார்டு வாங்கிக் கொடுத்தவள் நியூஜெர்சியில் இருக்கும் மகள். ஆனால் தோட்டத்தை யாரிடம் விடுவது? மஞ்சள் நட்டால் வெட்டி, வேகவைத்து, மண்டிக்கு அனுப்பும்வரை ஆள் இருக்க வேண்டும். அதனால் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை விமானம் ஏறுவோம், இரண்டு வாரம் இருப்போம், திரும்பிவிடுவோம். மூன்றாவது முறை அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டார். "ரெண்டு வாரம், அப்புறம் வீட்டுக்குப் போயிடுவோம்" என்றேன். வீடு எது என்று நானே சொல்லிவிட்டேன்.

தனி அறையில் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒரு தாள் வந்தது. நுழைவுப் படிவம் என்று நினைத்து நானும் மனைவியும் கையெழுத்துப் போட்டோம். அது ஐ-407, நிரந்தரக் குடியிருப்பைக் கைவிடுவதாக நாமே எழுதிக் கொடுப்பது. அன்றைக்கு மகள் வீட்டுக்குள் பார்வையாளராகத்தான் நுழைந்தோம். இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தாளை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

ஆறு மாதத்துக்குள் போனால் கார்டு பத்திரம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 180 நாளைத் தாண்டினால் புதிதாக நுழைபவரைப் போல விசாரிக்கலாம், அவ்வளவுதான். அதற்குள் போனாலும், நிரந்தர வாசம் அமெரிக்காவில் இருக்கிறதா, வெளியே இருந்தது தற்காலிகமா என்று பார்ப்பார்கள். அங்கே தங்கும் இடம், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வரித் தாக்கல், இங்கே வந்த வேலை எப்போது முடியும் என்பதற்கான காகிதம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

ஐ-407-இல் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. "குடிவரவு நீதிபதி முன்னால் சொல்லிக்கொள்கிறேன்" என்று கேட்க உரிமை உண்டு. ஆங்கிலம் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ரீ-என்ட்ரி பெர்மிட்டை ஊரில் இருந்து கேட்பது

நடக்காது. நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி நுழைய முன்கூட்டியே வாங்கும் அனுமதி அது. அதற்கான ஐ-131 விண்ணப்பம் போடும் நாளில் நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். கைரேகைக்குக் கூப்பிட்டால் அதுவும் அங்கேதான். "பையன் அங்கிருந்து போட்டுடுவான்" என்று பெருந்துறையில் உட்கார்ந்துகொண்டு சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். பெர்மிட் அதிகபட்சம் 2 வருடம். நீட்டிப்பு கிடையாது, திரும்பப் போய்ப் புதிதாகத்தான் போட வேண்டும். அதுகூட, நீண்ட நாள் வெளியே இருந்ததை மட்டும் காரணம் காட்டிக் கார்டைப் பறிக்காமல்தான் காப்பாற்றும். மற்ற கேள்விகள் அப்படியே நிற்கும்.

தோட்ட வருமானத்தை வரியில் காட்டாமல் விடுவது

விவசாய வருமானத்துக்கு இங்கே வருமான வரி இல்லை. அமெரிக்காவோ கார்டு வைத்திருப்பவரின் உலக வருமானம் முழுவதையும் கேட்கிறது. மஞ்சள் பணமும் தேங்காய்ப் பணமும் அதில் சேரும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். வரியை மிச்சம் பிடிக்க "நான் அங்கே வசிக்காதவன்" என்று தாக்கல் செய்தால், அதையே கார்டைக் கைவிட்டதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

பெர்மிட் இருந்தால் குடியுரிமைக் கணக்கும் ஓடும் என்பது

ஓடாது. குடியுரிமை கேட்க அங்கே வசித்திருக்க வேண்டிய காலக் கணக்கைப் பெர்மிட் காப்பாற்றாது.

ஒரு வருடம் தாண்டியபின் வெறும் கார்டோடு கிளம்புவது

பெர்மிட் இல்லாமல் ஒரு வருடம் ஆகிவிட்டால் அந்தக் கார்டு பயண ஆவணமாகச் செல்லாது. தூதரகத்தில் எஸ்பி-1 விசா, அதாவது திரும்பிப் போகும் நிரந்தரக் குடியிருப்பாளருக்கான விசா, கேட்க வேண்டியிருக்கும். திரும்பும் எண்ணத்தோடுதான் வந்தோம், நம் கையில் இல்லாத காரணத்தால் தங்க நேர்ந்தது என்று காட்ட வேண்டும். கோவையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். மஞ்சள் வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்பதை மட்டும் நம்பி அங்கே போய் நிற்காதீர்கள்.