ஹோண்டா சிபி550: இரண்டு ஆக்சிலேட்டர் கேபிளை ஒன்றாக்குவது

ஹேண்டில்பாரைத் தாழ்வாக மாற்றியதும் முதலில் கண்ணை உறுத்துவது கேபிள்கள்தான். உயரமான பழைய பாருக்கு அளந்து செய்தவை, இப்போது ஹெட்லைட்டுக்கு மேலே வளையம் போட்டு நிற்கும். ஹோண்டாவின் பழைய பைக்கான சிபி550-இல் ஆக்சிலேட்டருக்கு மட்டும் இரண்டு: ஒன்று திறக்க, ஒன்று மூட. மூடும் கேபிளை எடுத்துவிட்டு, மற்றதைத் தேவையான நீளத்துக்குக் குறைக்கலாம்.

ஆனால் மூடும் கேபிளை ஹோண்டா சும்மா வைக்கவில்லை. எஞ்சின் உறிஞ்சும் வேகத்தில் கார்புரேட்டர் ஸ்லைடு (காற்று வழியைத் திறந்து மூடும் பகுதி) சுவரோடு ஒட்டிக்கொண்டால், ஸ்பிரிங்கை மட்டும் நம்பாமல் கையால் மூடத்தான் அது. அதனால் வெட்டும் முன் சோதனை: எஞ்சினை அணைத்து, மூடும் கேபிளை மட்டும் கழற்றுங்கள். பாரை இடது கோடி, வலது கோடி, நேர் என மூன்று நிலையிலும் வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிக் கையை எடுத்துவிடுங்கள். ‘டக்’கென்று மூட வேண்டும். மெதுவாக ஊர்ந்து வந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, கார்புரேட்டர் லிங்கேஜை (ஸ்லைடுகளை அசைக்கும் இணைப்புகளை) சுத்தம் செய்து ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

சரி, தேறிவிட்டதா? டேங்கை இறக்கி, கேபிள் போக வேண்டிய வழியில் ஒரு கயிற்றை விட்டு அளந்துகொள்ளுங்கள். பார் முழுக்கத் திரும்பும்போதும் கயிறு இழுபடக் கூடாது. கேபிளின் மேல் முனையில் வளைந்த உலோகக் குழாய் இருப்பதால் கார்புரேட்டர் பக்கம்தான் வெட்ட வேண்டும். அதற்கு முன், மேல் நிப்பிளை (கம்பி நுனியில் இருக்கும் உலோகக் குமிழை) இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே அவுட்டர் என்ற வெளி உறை முடியும் இடத்திலிருந்து நிப்பிள் வரை வெளியே தெரியும் இன்னரின், அதாவது உள்கம்பியின், நீளத்தைக் குறித்து வையுங்கள். வெட்டிய பிறகும் இதே நீளம் வெளியே இருக்க வேண்டும். இந்த அளவு அதிகம் தவறினால் அட்ஜஸ்டரில் (கேபிளின் ஆட்டத்தைச் சரிசெய்யும் திருகில்) சரிக்கட்ட முடியாது.

அப்புறம் நிப்பிள். பாதிப் பேர் சிக்குவது இங்கேதான். இன்னரை வெட்டும் இடத்தில் முதலில் கொஞ்சம் ஈயம் ஏற்றிவிட்டு வெட்டினால் இழை பிரியாது. அவுட்டரின் மூடியையும் அட்ஜஸ்டரையும் இப்போதே கோத்துவிடுங்கள். வாய் அகன்ற பித்தளை நிப்பிளை நுழைத்து, நுனியில் ஏற்றிய ஈயத்தை உருக்கி, இழைகளைத் தூரிகைபோல் விரித்து, நிப்பிளின் வாய்க்குள் அமர்த்துங்கள். வெறுமனே கம்பியை நுழைத்து ஈயம் வைத்தால் ஒருநாள் உருவிக்கொண்டு வந்துவிடும். சூடு நிப்பிளுக்குத்தான், கம்பிக்கு அல்ல. நிப்பிளுக்குக் கீழே ஈரத்துணியைச் சுற்றிவிடுங்கள். ஈயம் கம்பிக்குள் ஏறினால் வளையும் இடம் விறைத்து, இழை இழையாக அறுந்துவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன் இதற்குப் போதாது, 60 வாட்டாவது வேண்டும். ஆறியதும் ஃப்ளக்ஸை (ஈயம் பிடிக்கத் தடவும் பொருளை) கழுவிவிட்டு, கேபிளை வைஸில் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள்.

மாட்டும்போது கைப்பிடியில் 2–3 மி.மீ. ஆட்டம் விடுங்கள். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு பாரை இருபக்கமும் திருப்பும்போது ஆர்பிஎம் ஏறினால், கேபிள் எங்கோ இழுபடுகிறது.

கால்வாசித் திருப்பிலேயே முழுக்கத் திறக்கும் ஆக்சிலேட்டர் செட் எனக்குப் பிடிக்காது. நெரிசலில் வண்டி குதிக்கும், கையும் வலிக்கும். பழைய ஹோண்டா ஹவுஸிங்கே (ஆக்சிலேட்டர் கூடே) போதும். மூடும் கேபிள் போய்க் காலியான துளையை ரப்பரால் அடைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் இதைச் செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த வண்டிகளில் கம்பெனி கொடுத்த கேபிளை அப்படியே வைத்துக்கொண்டு, டேங்குக்கு அடியில் போகும் வழியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.