கதையில் மந்திரம் வந்தால்: கிறிஸ்தவப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு பள்ளி முடிந்து எல்லோரும் போன பிறகு, பத்து வயதுப் பையன் ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். "ஹாரி பாட்டர் படிச்சா நரகத்துக்குப் போயிடுவோமா?" என்று கேட்டான். வீட்டில் தெரியாமல் மூன்று பாகம் முடித்திருந்தான். இதை யாரிடமும் கேட்க முடியாமல் பல வாரங்கள் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறான். அதுதான் என்னை ரொம்ப வருத்தியது. அவனுடைய பெற்றோர் அன்பானவர்கள், விசுவாசத்தில் உறுதியானவர்கள். ஆனாலும் நம்மில் பலர் செய்கிற தவறுகளை அவர்களும் செய்திருந்தார்கள்.

அட்டையில் 'மந்திரம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். வேதம் எதைத் தடுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். உபாகமம் 18-ஆம் அதிகாரத்தில் குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம்பார்க்கிறவன், சூனியக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் என்று ஒரு பட்டியல் வருகிறது. இவர்கள் எல்லாம் நிஜத்தில் அந்தக் காரியங்களைச் செய்கிறவர்கள். கர்த்தரிடம் கேட்க வேண்டியதை வேறு சக்தியிடம் கேட்கிறார்கள், அந்தச் சக்தியைத் தங்கள் வசப்படுத்தப் பார்க்கிறார்கள். சவுல் ராஜா, செத்தவர்களிடம் குறிகேட்கிற ஒரு பெண்ணைத் தேடி எந்தோர் என்ற ஊருக்கு மாறுவேடத்தில் போனதும் இதற்குத்தான். ஆனால் எந்தோரின் கதையையும் எகிப்து ராஜா பார்வோனின் மந்திரவாதிகளையும் நமக்குச் சொல்வது அதே வேதம்தான். நியாயாதிபதிகள் 9-இல் யோதாம் சொல்கிற கதையில் மரங்கள் பேசுகின்றன, தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடுகின்றன. கற்பனை செய்வதையே பாவமாக நினைக்க வேதத்தில் இடமில்லை.

அதனால் ஒரு கதையை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது, அதிலுள்ள சக்தி எங்கிருந்து வருகிறது என்பதை. மிருகம் பேசுவதும் கம்பளம் பறப்பதும் அந்தக் கற்பனை உலகத்தின் இயல்பாக இருக்கலாம். ஆவிகளை அழைத்து, சடங்கு செய்து, வருங்காலம் கேட்பது வேறு. இரண்டாவது வகை வந்தாலும், அதைக் கதை ஆசை காட்டுகிறதா, அதன் விளைவைக் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்குப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். படிக்காமல் பேசுவது அடுத்த தவறு. ஹாரி பாட்டர் வரிசையில் மந்திரக்கோல் வித்தை பெரும்பாலும் பிறவித் திறமை மாதிரிதான் வருகிறது. யாரும் ஆவியை அழைத்து அதைப் பெறுவதில்லை. ஆனால் வருங்காலம் கணிப்பது அங்கே ஒரு பள்ளிப் பாடம். கதை அந்தப் பாடத்தைப் பல இடங்களில் கேலி செய்தாலும், சில கணிப்புகள் பலிக்கவும் செய்கின்றன. 2007-இல் வந்த கடைசிப் பாகத்தில் இரண்டு கல்லறைகளின் மேல் வேதத்தில் மத்தேயு 6-லிருந்தும் 1 கொரிந்தியர் 15-லிருந்தும் வசனங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. "பிசாசின் புத்தகம்" என்பவர்களும் "இது சுவிசேஷக் கதை" என்பவர்களும் இதையெல்லாம் சேர்த்து எடைபோட்டுத்தான் பேச வேண்டும்.

எழுதியவர் கிறிஸ்தவர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதும் சரியில்லை. சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் ஒரு சிறுமி மந்திரப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். தோழிகள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அறிய ஒரு மந்திரத்தைச் சொல்லியும் பார்க்கிறாள். அதனால் ஒரு நட்பு கசந்துபோகிறது. பிள்ளையோடு உட்கார்ந்து பேச இதைவிட நல்ல பக்கம் கிடைக்காது. பேச ஆள் இல்லை என்றால், அங்கேயும் 'மந்திரம்' என்ற சொல் மட்டும்தான் மனதில் நிற்கும்.

அப்புறம், பயமுறுத்தித் தடுப்பது. "இதைத் தொட்டால் பிசாசு பிடிக்கும்" என்று சொன்னால் பிள்ளை படிப்பதை நிறுத்தாது, நம்மிடம் சொல்வதைத்தான் நிறுத்தும். கூடவே, கிறிஸ்துவைவிட ஒரு காகிதப் புத்தகத்துக்கு வல்லமை அதிகம் என்றும் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அதற்காக "வெறும் கதைதானே" என்று விட்டுவிடவும் முடியாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கதைக்கும் நிஜத்துக்கும் நடுவில் கோடு இன்னும் தெளிவாக விழுந்திருக்காது. குச்சியை ஆட்டி விளையாடுவது விளையாட்டு. ஆவிகளிடம் கேட்கிற பலகையை இணையத்தில் தேடத் தொடங்கினால் அது வேறு விஷயம், அங்கே உறுதியாகத் தடுக்க வேண்டும். கதைப் புத்தகத்தைப் பிடுங்கிவிட்டு, காலையில் நாமே ராசிபலன் பார்த்தால் பிள்ளை அதையும் கவனிக்கும். உபாகமத்தின் பட்டியலுக்கு அந்தக் கதையைவிட ராசிபலன்தான் நெருக்கம்.

உங்கள் வீட்டு முடிவை அடுத்த வீட்டுக்குச் சட்டமாக்காதீர்கள். சூனியம், குறி என்று வாழ்ந்த குடும்பத்திலிருந்து வந்த பிள்ளைக்கு, மற்றவர்கள் சாதாரணமாகப் படிக்கிற பக்கம் பழைய பயத்தைக் கிளறலாம். சாப்பாட்டு விஷயத்தில் ஒருவரை ஒருவர் குற்றப்படுத்தாதீர்கள் என்கிற ரோமர் 14-ஐ நான் இந்த இடத்தில்தான் நினைப்பேன். படிக்கிறவன் படிக்காதவனை அற்பமாக எண்ண வேண்டாம், படிக்காதவன் படிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கவும் வேண்டாம்.

புத்தகம் எரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2001 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அலமகோர்டோ என்ற ஊரில், ஒரு சபையார் ஹாரி பாட்டர் புத்தகங்களைத் தீயில் போட்டார்கள். இப்படிச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அப்போஸ்தலர் 19-ஐக் காட்டுவார்கள். அதில், எபேசு பட்டணத்தில் எரிந்த புத்தகங்களின் மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. அவை மாயவித்தை செய்தவர்களின் சொந்தக் கைப்புத்தகங்கள், அவர்களே கொண்டுவந்து எரித்தார்கள். யாரும் அடுத்தவர் வீட்டுக் கதைப் புத்தகத்தைப் பிடுங்கவில்லை.

அதற்குச் சற்று முன்னால் நடந்ததைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்கேவா என்ற யூத ஆசாரியனின் ஏழு குமாரர் இயேசுவின் நாமத்தையே ஒரு மந்திரம் மாதிரி உச்சரித்துப் பிசாசை விரட்டப் பார்த்தார்கள். அடிபட்டு, துணியில்லாமல் ஓடினார்கள். அந்தச் செய்தி பரவிய பிறகுதான் விசுவாசிகள் தங்கள் மாயவித்தையை அறிக்கையிட்டு விட்டார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டு ஜெபம் நினைவுக்கு வரும். "இதை இத்தனை தடவை சொல்லு, மார்க் வந்துடும்" என்று ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தால், மந்திரத்துக்கும் ஜெபத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மந்திரம் சொல்கிறவன் சக்தியைத் தன் விருப்பத்துக்கு வளைக்கப் பார்க்கிறான். ஜெபிக்கிறவன் "உம்முடைய சித்தம்" என்கிறான். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை எந்தக் கதையைப் படித்தாலும் கேள்வி கேட்கும்.

அந்தப் பையனிடம் நான் முதலில் சொன்னது, "நரகத்துக்கெல்லாம் போக மாட்டே" என்பது. பிறகு கதையில் யாரைப் பிடிக்கும், ஏன் என்று கேட்டேன். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினான். நாலாவது பாகத்தை அம்மாவோடு சேர்ந்து படிக்கலாமா என்று வீட்டில் கேட்கச் சொன்னேன். ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அம்மாவை எழுப்பு என்றும் சொன்னேன்.